கடற்புயலும் உள்நாட்டுத் தோட்டங்களும்

வேதாரண்யத்திற்கும் அவிநாசிக்கும் நேர்கோட்டில் அளந்தாலும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவுண்டு. ஆதலின், வங்காளக் குடாக்கடலில் புயல் தோன்றியிருக்கிறதென்று வானொலியிற் கேட்கும் நம் பக்கத்துக் குடியானவர், அது நாகப்பட்டினத்தார்க்கும் கடலூரார்க்கும் உரிய சங்கதியென்று எண்ணி, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விடுவது வழக்கம். குளத்திற்கு நாலு நாள் மழை கிடைத்தால் நல்லது என்பதற்கு மேல் அவர் அதனைப்பற்றிச் சிந்திப்பதில்லை. இவ்வெண்ணம் முழுதும் பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயினும் முழுதும் சரியென்று விட்டுவிடுவதற்கும் இல்லை. 2018ஆம் ஆண்டில் சோழநாட்டுத் தென்னந்தோப்புகளுக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள், தென்னையையும் வாழையையும் நம்பி முதல் போட்டிருக்கும் கொங்குநாட்டாரும் அதிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டியவை பல உண்டென்பதை ஒப்புக்கொள்வர்.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் தேதி, ஐப்பசிக் கடைசியில், நள்ளிரவு கழிந்தபின் கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிற்று. இப்பெயர் இலங்கை நாட்டார் கொடுத்தது, யானையென்று பொருள்படும். காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டிருந்தது. முன்னறிவிப்பின் பயனாகத் தாழ்ந்த கரையோரங்களில் இருந்தவர் சுமார் 80,000 பேர் முந்தின நாளே முகாம்களுக்கு அகற்றப்பட்டமையால் உயிர்ச்சேதம் பெரிதும் குறைந்தது. மரங்களை அவ்வாறு அகற்ற வழியில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு ஆகிய தாலுகாக்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் காய்த்துவந்த தோப்புகள் விடிவதற்குள் தரையிற் கிடந்தன. பின்பு அப்புயல் கரையோடு நின்றுவிடவில்லை. வலுக்குறைந்தும் கலையாமல், திண்டுக்கல் ஜில்லாவின் வழியே மேற்கு நோக்கிச் சென்று, கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்து, கேரளத்தையும் கடந்து ஒரு நாளைக்குள்ளாக அரபிக்கடலில் இறங்கிற்று. அதன் தடம் சற்றே வடக்கில் விலகியிருப்பின் அது நம் தோட்டங்களின் மேல் சென்றிருக்கும்.

புயலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து எழும் ஆவியே அதற்கு ஆகாரம். நிலத்தில் ஏறியவுடன் அவ்வாகாரம் அற்றுப்போவதால் காற்று மெலிகிறது. ஆனால் மேகத்திற் கொண்டுவந்த நீர் எஞ்சியிருப்பதால் மழை தொடர்கிறது. உள்நாட்டில் இருப்போர்க்குப் புயலினால் வரும் ஆபத்தில் மழையே பெரும்பங்கு என்பது இதனால் விளங்கும். மலையில் அம்மழை தடைபட்டால் நேர்வது என்னவென்பதை நம் அண்டையிலேயே கண்டிருக்கிறோம். 2009ஆம் ஆண்டு நவம்பரில், அரபிக்கடலில் பியான் என்னும் புயல் உருவான அதே நாட்களில், நீலகிரியைச் சேர்ந்த கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்து, மண் சரிந்து பல உயிர்கள் மாண்டன. அவிநாசி வட்டாரத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழைகூட அவ்வளவு இருப்பதில்லை.

கடல் பொங்குவதற்குக் காரணம் வேறு. புயலின் நடுவில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையுந்தோறும் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும், இது சிறிது. கரைநோக்கி வீசும் பெருங்காற்று ஆழமில்லாத கடலின் நீரை வாரிக்கொண்டுவந்து குவிப்பதே பெரிது. நம் பாகத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடபுறத்துக் கரையிலேதான் நீர் மிகுதியாக ஏறும். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், 1977ஆம் ஆண்டு நவம்பரில் ஆந்திர தேசத்துத் திவிசீமையில் ஆயிரக்கணக்கானவரை மாய்த்ததும் இவ்வாறு எழுந்த கடல்நீரே.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது வயலில் நின்றால் உப்பிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றி அதனிடத்தைப் பற்றிக்கொள்ளும். களிமண் பொடிந்து குழம்பி, நீர் இறங்காதபடி அடைபட்டுப்போகும். இதற்குப் பரிகாரம், சேறாயிருக்கும்போது உழாமல் முதலில் நீரை வடித்துவிட்டு, மண்ணைச் சோதித்து அதற்கேற்ற அளவில் ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கித் தேக்கி வடித்து, பின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதேயாம். இதனை நாம் எதற்கு அறியவேண்டுமென்று அவிநாசியார் கேட்கலாகாது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யற்கரை நிலங்கள் உப்பேறிக் கெட்டது கடலினால் அன்று. ஆயினும் நோய் ஒன்றே, மருந்தும் ஏறக்குறைய ஒன்றே. கடற்கரையான் ஒரே இரவில் அடைந்த கேட்டை நொய்யற்கரையான் பல ஆண்டுகளில் மெல்ல அடைந்தான். கிணற்றுநீர் கரிக்கத் தொடங்கியிருக்கும் தோட்டக்காரர்கள் இப்பத்தியை இருமுறை படிப்பார்களாக.

இனித் தென்னையைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். காற்றின் வேகம் இருமடங்கானால் மரத்தின்மேல் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் அசையாது நிற்கும் மரத்தைக் கண்டு, 100 கிலோமீட்டர் காற்றையும் அது பாதி சிரமத்தோடு தாங்குமென்று கணக்கிடுதல் பெரும்பிழை. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்களே கொத்தாகப் படர்ந்து மரத்தை நிறுத்துகின்றன. அவற்றுள் மிகுதியானவை மரத்தைச் சுற்றி ஆறேழடிக்குள், மேல்மண்ணிலேயே இருக்கும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் வேர் கீழிறங்குவதில்லை. மழையில் ஊறிய இளகிய மண்ணில் அவ்வேர்க்கொத்து அப்படியே பெயர்ந்துவிடும்.

நம் செம்மண் சரளை நிலத்தில் நீர் மேலே நிற்பதில்லை. வேர் ஆழமாகவே செல்லும் என்று நாம் மகிழலாம். ஆனால் இப்பொழுது பல தோட்டங்களில் மரத்தடியில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் சொட்டுநீரால் நனைத்துவருகிறோம். நீர் இருக்குமிடத்திலேதான் வேர் மிகுதியாகத் திரளும். சொட்டுவாய் ஒன்றிரண்டோடு நின்றுவிடாமல், மரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் அமைத்து, மரம் வளர வளர அவற்றைத் தூரத்தே நகர்த்துதல் வேண்டும். குழி எடுப்பதிலும் சிக்கனம் தகாது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழியெடுத்து, இரண்டடி ஆழத்தில் கன்றை வைத்து, வளருந்தோறும் மண்ணணைத்துவந்த மரம் காற்றுக்கு எதிர்நிற்கும். மேலாக நட்ட மரத்தின் அடிவேர் வெளியே தெரியும். அத்தகைய மரமே முதலிற் சாயும். இருபத்தைந்தடி இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது மரம் என்பது அளவு. எண்பது தொண்ணூறு என்று நெருக்கி நட்டவர்களின் மரங்கள் வெயிலைத் தேடி ஒல்லியாக ஓங்கிவிடுவதால் அவை காற்றுக்கு எளிதில் இரையாகின்றன. பட்டணத்துத் தரகர் சொல்லைக் கேட்டு நெருக்கி நடுவோர் இக்கணக்கையும் மனத்திற் கொள்வது நன்று.

புயல் வருமென்று இரண்டு மூன்று நாள் முன்னதாகத் தெரிந்தால் செய்யத்தக்கவை சில உண்டு. முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, பாரமான அடிமட்டைகளை வெட்டி, கொண்டையை இலேசாக்கலாம். பாய்ச்சலை நிறுத்தினால் மண் இறுகி வேரைப் பற்றிக்கொள்ளும். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண் கப்பல்காரர்க்கு உரியது; அதனைக் கேட்டு நாம் திகைக்கவேண்டுவதில்லை. நம் ஜில்லாவுக்கென வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிடும் மழை, காற்று எச்சரிக்கையையே கவனிக்கவேண்டும்.

புயல் ஓய்ந்தபின் நிற்கும் மரமெல்லாம் பிழைத்தனவென்று நினைத்தல் கூடாது. கொண்டை முறுக்குண்ட மரம் பார்வைக்கு நன்றாயிருந்து, சில வாரங்களில் குருத்தழுகி மடியும். நடுக்குருத்தோலை வாடியிருந்து, இழுத்தால் எளிதாகக் கையோடு வந்துவிடுமாயின் அழுகல் தொடங்கிவிட்டதென்று அறிக. அழுகிய பாகத்தைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டு, நூற்றுக்கு ஒரு பங்கு போர்டோ கலவையைக் கொண்டையில் ஊற்றவேண்டும். மயில்துத்தம் 100 கிராமை ஐந்து லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேறு ஐந்து லிட்டர் நீரிலும் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே வருக. மண்பாண்டமோ பிளாஸ்டிக் வாளியோ உதவும், இரும்பு ஆகாது. துலக்கிய கத்தியை அக்கலவையில் முக்கினால் செம்புநிறம் படியுமாயின் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். சாய்ந்த இளங்கன்றுகளை மட்டும் நிமிர்த்தி முட்டுக்கொடுத்துக் காப்பாற்றலாம். வேரோடு பெயர்ந்த முதுமரத்தை நிமிர்த்த முயல்வது கூலிக்குக் கேடு.

கீழே விழுந்த மரத்தை அங்கேயே கிடக்கவிடுவதுதான் எல்லாவற்றினும் தீய காரியம். மட்கும் தென்னந்துண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பச்சைக் காயமுள்ள மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு நாடிவரும். ஒருவர் தோப்பிற் கிடக்கும் பத்து மரம் ஊர்த் தோப்பு முழுவதற்கும் பகையாகும். ஆதலின் மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவதைத் தனித்தனியே விடாமல் ஊரார் கூடிச் செய்தல் வேண்டும். கஜாவுக்குப்பின் அரசாங்கத்தார் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அளித்தது இந்நோக்கத்தாலேயே. எருக்குழியைக் கிளறிப் புழுக்களை எடுத்தும், ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரிற் கரைத்துப் பானையில் தோப்புக்குள் வைத்தும் வண்டுகளைப் பிடிக்கலாம்.

நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறு முதல் எட்டு ஆண்டு செல்லும். 2019இல் மறுநடவு செய்த பட்டுக்கோட்டைக் குடியானவர் 2025ஐ ஒட்டியே முதற்காயைக் காணத் தொடங்குவார். இடையிலுள்ள ஆண்டுகளில் கடலையும் உளுந்தும் வாழையும் ஊடே பயிரிட்டவர் தலைநிமிர்ந்தனர். தென்னையன்றி வேறொன்றும் அறியாதவர் கடனில் ஆழ்ந்தனர்.

வாழைக்கு நாம் கடற்புயலை எதிர்பார்த்திருக்கவேண்டுவதில்லை. சித்திரை வைகாசியில் இடியோடு வரும் சூறைக்காற்றே போதும். பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஆனி ஆடியில் வீசும் காற்றும் இலையைக் கிழித்து மரத்தை அலைக்கழிக்கும். குலை தள்ளும் பருவம் சூறைக்காற்றுக் காலத்திற் படாதபடி நடவுமாதத்தை அமைத்துக்கொள்வதே முதற்காப்பு. நேந்திரனுக்கும் கதளிக்கும் இரண்டு மூங்கிலையோ சவுக்குக் கம்பையோ கத்தரிபோலக் கட்டிக் குலை சாயும் பக்கத்தில் முட்டுக்கொடுக்கவேண்டும். விழுந்த மரத்தில் குலை முக்கால்பங்கு முற்றியிருந்தால் உடனே வெட்டி விற்றுவிட்டு, அடியை அறுத்து, ஒரு நல்ல கன்றை மறுதாம்பாக விடலாம்.

காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்புவோர் ஏமாறுவர். சுவரைத் தாண்டிய காற்று சுழன்று விழும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் உயிர்வேலியே சிறந்தது. அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்றின் கடுமை தணியும். நம் முன்னோர் மேய்ச்சற்காட்டைச் சுற்றி வைத்த கிளுவை வேலியும், வரப்போரத்துப் பனைவரிசையும் இக்கணக்கை அறிந்து வைத்தவைபோலவே இருக்கின்றன. அவற்றை அழித்துக் கம்பிவேலி போட்டவர்கள் தோட்டத்தின் மேற்கிலும் வடகிழக்கிலும் அகத்தியும் சவுக்குமாக இரண்டு வரிசையாவது நடுவது தகும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு சொல். பயிர்ச்சேதம் நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் இருந்தாலன்றி நிவாரணத்திற்கு வழியில்லை. அதனை அளப்பதற்கு ஆதாரம் அடங்கலே. தோட்டத்தில் முந்நூறு தென்னையிருக்க, அடங்கலில் பழைய சோளப்பயிரே எழுதியிருந்தால், புயலுக்குப்பின் அக்குடியானவருக்கு நாம் எவ்விதமும் உதவமுடியாது. பட்டா இறந்த பாட்டனார் பெயரிலேயே இருக்கும் கூட்டுக் குடும்பங்களுக்கும் இதே கதிதான். 2016 முதல் நடந்துவரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் உலரவிட்ட அறிவிக்கைப் பயிர் பதினான்கு நாட்களுக்குள் புயல்மழையாற் கெட்டால் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும். வாழை முதலிய தோட்டப்பயிர்களுக்குரிய விதி வேறாதலின், அதனையும் பதிவுசெய்வதற்குரிய கடைசித் தேதியையும் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் சாவடியில் எழுதி ஒட்டிவைக்க. அவ்வமயமே கிராம நிர்வாக அலுவலர் தோட்டந்தோறும் சென்று மரங்களை எண்ணி அடங்கலில் ஏற்றுவாராயின், அதற்கு ஒரு வாரத்திற்கு மேற்படாது.