ஒரே படகில் இருவர்

இருவர் சேர்ந்து செய்யும் வேலை நன்றாக நடக்கும்போது எவரும் காரணம் தேடுவதில்லை. அது தடைப்படும்போதுதான் ‘யாரால்?’ என்ற கேள்வி எழுகிறது. ‘எதனால்?’ என்ற கேள்வியோ பெரும்பாலும் தாமதித்தே வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. இந்த இரு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை, நெடிய ஆற்றுப் பயணத்தில் கழியும் ஒரு கடினமான நாள் தெளிவாக உணர்த்தும்.

ஆறும் ஏரியும்

கனடாவின் மேற்குப் பகுதியில் பிறந்து, அலாஸ்கா வழியாகச் சென்று பெரிங் கடலில் கலப்பது யூக்கான் ஆறு. இதன் நீளம் சுமார் 3,190 கி.மீ. 1896ஆம் ஆண்டு கிளாண்டைக் பகுதியில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. 1898இல் ஆயிரக்கணக்கானோர் தாமே செய்த படகுகளில் ஏறி, இவ்வாற்றின் வழியே டாசன் நகருக்கு விரைந்தனர். இன்று பொன்னை நாடி அன்று, ஆற்றையும் காட்டையும் நாடியே பலர் அவ்வழி செல்கின்றனர். வொயிட்ஹார்ஸ் நகரிலிருந்து டாசன் வரை ஏறத்தாழ 700 கி.மீ. தூரத்தைக் கனூ என்னும் ஒடுங்கிய சிறு படகில் கடக்கின்றனர்.

பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு சோதனை காத்திருக்கிறது. ஆறு விரிந்து, சுமார் 50 கி.மீ. நீளமுள்ள லபார்ஜ் ஏரியாகிறது. அதுவரை படகைச் சுமந்து வந்த நீரோட்டம் அங்கே இல்லை. காற்று எழுந்தால் சிறிது நேரத்தில் அலைகள் உயர்ந்துவிடும். கோடையிலும் நீர் மிகக் குளிர்ந்தே இருக்கும். அதில் விழுந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். ஆகவே அனுபவமுள்ளோர் மிதவை அங்கியைக் கழற்றாமல், நடு ஏரிக்குச் செல்லாமல், கரையை ஒட்டியே செல்வர்.

கனூவில் சுக்கான் இல்லை. முன்னால் இருப்பவர் துடுப்பால் வேகம் தருகிறார். நீரில் மறைந்த பாறைகளைக் கண்டு எச்சரிக்கிறார். பின்னால் இருப்பவர் துடுப்பாலேயே திசையை நிலைநிறுத்துகிறார். முன்னவர் பின்னவரைக் காண முடியாது. பின்னவர் முன்னவரின் முதுகைக் காண்பார். முகத்தைக் காண மாட்டார். இந்த அமைப்பை மனத்தில் கொண்டால், அடுத்து நிகழ்வது எளிதில் விளங்கும்.

ஏரியில் ஒரு நாள்

மணமாகி முப்பது ஆண்டுகளான ஒரு தம்பதியை எண்ணிப் பார்க்கலாம். மனைவி முன்னால், கணவர் பின்னால். ஏரியில் இரண்டாம் நாள். காலையில் தாமதமாகப் புறப்பட்டனர். நண்பகலுக்குப்பின் முன்புறத்திலிருந்து சற்றுச் சாய்வாகக் காற்று வீசத் தொடங்கியது. படகின் மூக்கு மீண்டும் மீண்டும் ஒரு பக்கமாகத் திரும்பியது. பக்கவாட்டில் அலை மோதி நீர் உள்ளே தெறித்தது.

“நேராகச் செலுத்தக் கூடாதா?” என்றார் மனைவி, திரும்பிப் பாராமலே.

“துடுப்பை நீரில் தோய்த்தெடுத்தால் மட்டும் போதுமா?” என்றார் கணவர்.

ஒரு மணி நேரம் கழிந்தது. கரையிலிருந்த பாறை நகர்ந்ததாகவே தெரியவில்லை. அப்போது மனைவி, “எப்போதும் இப்படித்தான்!” என்றார். அந்த ஒரு சொல்லில் முப்பது ஆண்டுகள் படகில் ஏறிக்கொண்டன. கணவர் பதில் பேசவில்லை. பெரிய அலையொன்று வந்தபோது, அதை எச்சரிக்க வேண்டியவரும் எச்சரிக்கவில்லை. படகு சாய்ந்து, அரை வாளி நீர் உள்ளே புகுந்தது. அந்தக் குளிர் இருவரையும் விழிக்கச் செய்தது. இருவரும் முழந்தாளிட்டு அமர்ந்து, ஒன்றும் பேசாமல், அருகிலிருந்த கூழாங்கல் கரையில் படகை ஏற்றினர்.

கரையில் கண்டது

நீரை இறைக்கச் சுமைகளை இறக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கணவருக்குக் காரணம் புலப்பட்டது. அன்று காலை, எடுப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, கனமான உணவுப் பீப்பாயைத் தம் அருகே பின்பக்கமாக அவர் வைத்திருந்தார். அதனால் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் இலேசாகி உயர்ந்தது. உயர்ந்த மூக்கை எதிர்க்காற்று எளிதில் தள்ளிவிடும். மனைவி எவ்வளவு துடுப்புப் போட்டாலும், கணவர் எவ்வளவு திருத்தினாலும் படகு விலகிக்கொண்டுதான் இருக்கும்.

வேறொன்றையும் அவர்கள் கண்டனர். பீப்பாயைத் தூக்கக் கைநீட்டிய மனைவியின் உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. துடுப்பைத் தோய்த்தெடுத்த கையல்ல அது. கணவரால் வலத்தோளை உயர்த்த முடியவில்லை. படகை நேராக்க அவர் நாள் முழுதும் ஒரே பக்கம் துடுப்புப் போட்டிருந்தார்.

“பீப்பாயை நகர்த்தியது நான்தான்” என்றார் கணவர்.

“நான் சொன்னது பீப்பாயைப் பற்றி மட்டும் அல்லவே. அதைச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார் மனைவி.

அன்று அவர்கள் மேலும் செல்லவில்லை. பீப்பாயை நடுவுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டினர். மறுநாள் காற்று எழுமுன், விடியற்காலையிலேயே புறப்பட்டனர். அமைதியான நீரில் படகு நேராகச் சென்றது.

கற்க வேண்டியது

இருவரும் தம்மால் இயன்ற அளவு உழைத்தனர். எனினும் ஒருவர் உழைப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தை மனம் வெற்றிடமாக விடுவதில்லை, ஐயத்தால் நிரப்புகிறது. களைப்பு மிகும்போது அந்த ஐயமே உண்மைபோலத் தோன்றுகிறது. இல்லறத்திலும், அலுவலகத்திலும், தொண்டிலும் நிகழ்வது இதுவே.

கணவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டது நல்லது. அதனினும் முக்கியமானது, காற்றில் போராடியபடி வழக்காடாமல் இருவரும் கரையேறியது. கரை சேர்ந்தபின்தான் சுமையை இறக்க முடிந்தது. இறக்கியபின்தான் காரணம் தெரிந்தது. ‘எப்போதும்’ என்னும் சொல் நாவில் எழும் கணமே, கரையேற வேண்டிய கணம்.

சிந்தனைக்கு

1. உடன் உழைப்பவரின் உழைப்பில் கண்ணுக்குத் தெரியாத பகுதி எது?

2. அண்மையில் ஒருவர்மீது சுமத்திய குறைக்கு, இடம் மாற்றி வைக்கப்பட்ட ஏதேனும் ஒரு ‘பீப்பாய்’ காரணமாக இருக்குமா?

3. அன்றாட வாழ்வில் ‘கரையேறுதல்’ என்பது எதைக் குறிக்கும்?