அலுவலும் நற்கடைப்பிடியும்

திருமுல்கேரி அன்பர்கள் பலர் நம்மை வினவுவது ஒன்றுண்டு. "பொழுது விடிந்தால் அலுவல், பொழுது சாய்ந்தால் குடும்பம், தியானத்துக்கு நேரமேது?" தியானம் காவியுடுத்தோர்க்கே உரியதென்னும் எண்ணமே இவ்வினாவின் வேராம்.

இவ்வெண்ணத்தைத் தம் வாழ்வால் மறுத்தவர் பர்மாவின் ஊ பா கின். 1899-இல் பிறந்த இப்பெரியார், அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராய்ச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1937-இல் சயா தெட்ஜி என்னும் உழவரிடம் தியானம் பயின்றார். (உழவர் கணக்கருக்கு ஆசானானதை அன்பர்கள் கவனிக்க.) 1948 ஜனவரி 4, பர்மா விடுதலையடைந்த அன்றே, அந்நாட்டின் கணக்குத் தலைவரானார். 1950-இல் தம் அலுவலகத்திலேயே ஊழியர் பயிலத் தியானக் கழகமொன்று கண்டார். 1952-இல் இரங்கூனில் தியான நிலையம் நிறுவினார். பல துறைகளின் தலைமையை ஒருங்கே சுமந்தவர் அவர். அவரினும் நமக்கு அலுவல் மிகுதியென்று கூறத் துணிவார் யார்?

1955-இல் அவரை அடைந்த வணிகர் கோயங்கா, கடும் ஒற்றைத் தலைவலியால் வருந்தியவர். தலைவலி தீர்வதொன்றே நோக்கமாயின் தியானம் கற்பியேன் என்றார் ஊ பா கின். துன்பத்தின் வேரைக் களைய வந்த தம்மத்தை மருந்துச் சீட்டாக்க அவர் ஒப்பவில்லை. கோயங்கா 1969-இல் இப்பயிற்சியை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். ஐதராபாத்தின் நாகார்ஜுனசாகர் சாலையிலுள்ள தம்ம கேத்த நிலையம் 1976-இல் தோன்றியது. அங்கே 10 நாள் பயிற்சிக்குக் கட்டணமில்லை. பயன் கண்டோர் தரும் தானத்தால் நடைபெறுகின்றது.

பத்து நாள் விடுப்புக் கிடைக்குமளவும் வாளாவிருக்க வேண்டா. விடியலில் கால்மணி நேரம் முதுகு நிமிர்ந்து அமர்க. நாசித் துளையருகே மூச்சு வருவதையும் போவதையும் அறிக. நெடிதாயின் நெடிதென்றும், குறிதாயின் குறிதென்றும் அறிவதே வேலை, மூச்சை அடக்கலாகாது. மனம் ஓடுமாயின் சினவாது மீட்க. நூறுமுறை ஓடினும் நூறுமுறை மீட்பதே பயிற்சி. தொடக்கத்தில் எண்ணிக்கை துணைசெய்யும்: ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் எண்ணுக என்பது, காஞ்சியில் தங்கியிருந்த புத்தகோசர் விசுத்திமக்கத்தில் காட்டும் முறை.

நமது ஆலையில் இழையறுந்தால் தொழிலாளி பொறியை வைவதில்லை; இழையைப் பிணைத்துவிட்டு அடுத்த கதிரை நோக்குவான். மனத்தையும் அவ்வாறே நடத்துக. ஆயின், பொறி ஓடுகையில் மூச்சை நோக்குவது தகாது. அவ்வேளையில் கையும் கருவியுமே கடைப்பிடிக்குரிய பொருள்கள்.

இக்காலத்தில் வேலைத் திறனைப் பெருக்கவென்று தியானத்தை விலைபேசுவோர் மிகுந்துள்ளனர். பஞ்சசீலம் அவர்தம் விளம்பரங்களில் காணோம். காலையில் கண்மூடி அமர்ந்து, பிற்பகலில் பொய்க்கணக்கு எழுதுவோன் மனம் மறுநாள் எவ்வாறு அமரும்? ஊ பா கின் தம் மாணவரைச் சீலமேற்கச் செய்த பின்னரே மூச்சை நோக்கப் பணித்தார். எனவே பயிலத் தொடங்கும் அன்பர், நாளை விடியலில் முதற்கண் ஐந்து சீலங்களையும் வாய்விட்டுச் சொல்லி, அதன்பின் அமர்வாராக.