ஒரே பெயர், உறுதியான முகவரி: மும்பைத் தமிழர்க்கு ஓர் ஆவணப் பாடம்

தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள், அலுவலகப் பணி தேடி வந்து மாட்டுங்காவில் குடியமர்ந்தவர்கள், பின்னர் செம்பூருக்குப் பரவியவர்கள் என மும்பைத் தமிழர் வாழ்வு பல தலைமுறைகளைக் கண்டது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் இந்நகரில் தொடங்கப்பட்ட ஆண்டு 1932. கோயில், பள்ளி, காய்கறிக் கடை என ஊரின் சாயல் அனைத்தும் இங்கு உண்டு. ஆயினும், வங்கிக் கிளையில் ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்கியதும் நாம் வேற்று மாநிலத்தினின்று வந்தவர்கள் என்பதை இரண்டு கட்டங்கள் நமக்கு நினைவூட்டுகின்றன. ஒன்று பெயர், மற்றொன்று முகவரி.

இவை சிறு செய்திகள் எனத் தோன்றலாம். ஆனால், குடும்பத் தலைவர் மறைந்தபின் அவருடைய வைப்புத்தொகையைக் கோரி வரும் மனைவியின் பெயர் ஆதாரில் ஒருவிதமாகவும், நியமனப் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால், துயரத்தின் நடுவே அவர் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். அந்த அலைச்சலை இன்றே தவிர்ப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும்

மராட்டிய மாநிலத்தில் ஒருவரது முழுப்பெயர் என்பது தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. நமக்கோ தலைப்பெழுத்தும் பெயருமே வழக்கம். செல்லையாவின் மகன் முருகன், ‘செ. முருகன்’ என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். ஆங்கிலத்தில் ‘செல்லையா’வைச் சிலர் ‘சி’ என்னும் எழுத்தால் தொடங்குவர். சிலர் ‘எஸ்’ என்னும் எழுத்தால் தொடங்குவர். பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் வங்கிக் கணக்கில் மற்றொன்றும் ஏறிவிட்டால், ஒரே மனிதர் ஏட்டில் இருவராகிவிடுகிறார். மராத்தியில் எழுதப்படும்போது நம் ழகரமும் மாறிவிடுவதால், ‘பழனி’ என்பவர் ‘பளனி’ ஆவதும் உண்டு.

வருமான வரித்துறையின் பான் விண்ணப்பத்தில் முதற்பெயர், கடைப்பெயர் ஆகிய இடங்களில் தலைப்பெழுத்தை மட்டும் எழுத இடமில்லை, விரித்தே எழுதவேண்டும். ஆகவே தலைப்பெழுத்தின் விரிவை எந்த எழுத்துக்கூட்டலில், எந்த இடத்தில் எழுதுவது என்பதைக் குடும்பமே ஒருமுறை முடிவு செய்துகொள்வது நலம். அம்முடிவைப் பான், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் ஒன்றுபோலப் பின்பற்றவேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறை மட்டுமே திருத்தலாம் என்பதால், திருத்தம் கோருமுன் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மகளிர் திருமணத்துக்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்தை நீக்கிக் கணவரின் எழுத்தை ஏற்பது நம் வழக்கம். சட்டம் இதனை வற்புறுத்தவில்லை. பழைய பெயரையே வைத்துக்கொள்பவர் எந்த ஆவணத்தையும் மாற்றவேண்டியதில்லை. மாற்றிக்கொள்பவர், திருமணச் சான்றிதழையோ அரசிதழ் அறிவிப்பையோ அளித்து வங்கிப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். சில ஆவணங்களில் பழைய எழுத்தும் சிலவற்றில் புதிய எழுத்துமாக விட்டுவிடுவதே பிற்காலத்தில் தொல்லை தருவது.

பிள்ளைகள் பெயரிலும் இக்கவனம் தேவை. 2024 மே 1 முதல் மராட்டியத்தில் பிறக்கும் குழந்தைகளின் பெயர், அரசு ஆவணங்களில் குழந்தை பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்னும் வரிசையில் பதிவாகவேண்டும் என அம்மாநில அரசு விதித்துள்ளது. குடும்பப் பெயருக்குரிய இடத்தில் எதனை எழுதுவது என்பதைப் பிறப்புப் பதிவுக்கு முன்பே பெற்றோர் தீர்மானித்துக்கொள்வது நன்று.

வாடகைக் குடியிருப்பும் முகவரிச் சான்றும்

சாலில் ஓர் அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருப்பவர்க்கு மின்கட்டணச் சீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். ஆதாரிலோ ஊர் முகவரி இருக்கும். இந்நிலையில் கணக்குத் தொடங்க இயலாது எனப் பலர் எண்ணித் தயங்குகின்றனர். அவ்வாறு தயங்கவேண்டியதில்லை.

ஆதார் வழியாக மின்னணு முறையில் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்பவர், தாம் தற்போது வசிக்கும் முகவரி வேறாக இருப்பின், அதனைத் தம் சொந்த அறிவிப்பாகவே வங்கிக்கு எழுதித் தரலாம். ஏற்கெனவே கணக்கு உள்ளவர்க்கு முகவரி மட்டும் மாறியிருந்தால், அவரும் புதிய முகவரியை அறிவித்தாற் போதும். வங்கி அதனை 2 மாதங்களுக்குள் சரிபார்த்துக்கொள்ளும். இவை ரிசர்வ் வங்கியின் விதிகள் தரும் வசதிகள். தம் பெயரிலேயே மின்சாரம், குழாய் எரிவாயு அல்லது குடிநீர்க் கட்டணச் சீட்டு வைத்திருப்பவர், 2 மாதங்களுக்கு உட்பட்ட சீட்டை முகவரிச் சான்றாக அளிக்கலாம். எனினும் புதிய முகவரியுள்ள அடையாள ஆவணத்தை அடுத்த 3 மாதங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நிலையான தீர்வு ஆதாரில் முகவரியை மாற்றுவதே. மராட்டியத்தில் வீட்டு வாடகைக்கான ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம் எழுத்து வடிவில் பதிவு செய்யப்படவேண்டும் என்று 1999-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கூறுகிறது. பதிவு செய்வது உரிமையாளரின் பொறுப்பு. பதிவான ஒப்பந்தத்தைக் கொண்டு ஆதார் முகவரியை மாற்றலாம். தம் பெயரில் ஒப்பந்தம் இல்லாத மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோர், குடும்பத் தலைவரின் இசைவோடு அவருடைய ஆதார் முகவரியைத் தமக்கும் பெறலாம்.

அடையாள ஆவணம் எதுவுமே கையில் இல்லாதவர்க்குச் ‘சிறு கணக்கு’ உண்டு. புகைப்படமும் கையொப்பம் அல்லது கைந்நாட்டும் அளித்து இதனைத் தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயையும், ஓராண்டு வரவு 1 லட்சம் ரூபாயையும், ஒரு மாத எடுப்பு 10,000 ரூபாயையும் மிஞ்சலாகாது. 12 மாதங்களுக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் மேலும் 12 மாதங்கள் நீட்டிப்புக் கிடைக்கும்.

பழைய தாள்களின் மதிப்பு

தாராவி வாசகர்களுக்கு ஒரு சொல். மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்க்குத் தாராவிக்குள்ளேயே கட்டணமின்றி வீடு. அதற்குப்பின் 2011 சனவரி 1 வரை குடியேறியவர்க்குத் தாராவிக்கு வெளியே விலைக்கு வீடு. இங்குப் பழைய தாள் ஒன்றே ஒரு வீட்டின் இடத்தையும் விலையையும் மாற்றிவிடக்கூடும். ஆதலின் காலங்கடந்த மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியல் பகுதி ஆகியவற்றை எறிந்துவிடாமல் பாதுகாக்கவேண்டும். மழைக்காலத்தில் நீர் புகும் வீடுகளில், அவற்றின் படிகளை வேறோரிடத்திலும் வைத்திருப்பது அறிவுடைமை.

ஊரில் உள்ள கணக்கு

ஊர்க் கிளையில் தொடங்கிய கணக்கை மறந்துவிட்டு, இங்குப் புதிதாக ஒன்று தொடங்குபவர் பலர். வாடிக்கையாளர் தாமே 2 ஆண்டுகள் எவ்வித வரவுசெலவும் செய்யாத கணக்கு செயலற்றதாகிறது. 10 ஆண்டுகள் கடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குச் செல்கிறது. அதன்பின்னும் உரியவர் அதனைக் கேட்டுப் பெறலாம், உரிமை அழிவதில்லை. தேடுவதற்கு ‘உத்கம்’ என்னும் இணையத்தளத்தை ரிசர்வ் வங்கி 2023-இல் அமைத்துள்ளது. எனினும் தேடும் நிலையை வரவழைக்காமல் இருப்பதே மேல். ஒரு கிளையில் முழுமையாக நடந்த கே.ஒய்.சி. சரிபார்ப்பு, புதுப்பிக்கும் காலம் வராதவரை, அதே வங்கியின் வேறு கிளைக்குக் கணக்கை மாற்றவும் செல்லும். ஆகவே ஊர்க் கணக்கை மூடாமலே மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

இம்மாதம் செய்யவேண்டியவை

1. ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுக.

2. நியமனதாரரின் பெயர் அவருடைய ஆதாரில் உள்ளவாறே பதிவாகியுள்ளதா எனக் கிளையில் கேட்டறிக. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம்.

3. தமிழில் கையொப்பமிடுபவர் அதனை மாற்றவேண்டியதில்லை. வங்கியில் பதிந்த மாதிரியைப்போல் எப்போதும் இடுக.

4. ஊரில் வேறு கணக்கு உண்டா என வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, அதில் ஒரு சிறு வரவுசெலவாவது செய்க.

5. முறையீட்டுக்கு வங்கி 30 நாட்களுக்குள் விடை தராவிடினும், தந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுக. தொலைபேசி எண் 14448.

ஊரைவிட்டு வந்தவர்க்கு உறவும் உழைப்பும் முதல் துணை. அந்த உழைப்பின் பயன் உரியவர் கைக்குத் தடையின்றிச் சேர, எல்லா ஏட்டிலும் ஒரே பெயரும் உறுதியான முகவரியும் வேண்டும்.