இஞ்சினின் சூடும் பெட்ரோல் கணக்கும்

நம் வர்த்தக சகோதரர்களிடையே வெகு காலமாக ஒரு பேச்சு உண்டு. "நமது நாடு உஷ்ண நாடு. குளிர் நாட்டுக்காரன் தன் வண்டிக்குத் தெர்மோஸ்டாட் வைத்தான். நமக்கு அது எதற்கு? கழற்றிப் போட்டுவிட்டால் இஞ்சின் குளுகுளுவென்று ஓடும்" என்பதே அது. சில போமன்களும் இப்படியே சொல்லி, அந்தச் சாமானைக் கழற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இது சரிதானா என்று விசாரிப்பதே இந்தப் பாடம். நான் போமன் அல்லன், கடைக்காரன். ஆனால் வேன் வைத்துப் பிழைக்கிற கடைக்காரன், பெட்ரோல் எங்கே போகிறதென்று தெரியாமல் இருக்கலாகாது. 2024 ஜூன் மாதம் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக ஒரே நாளில் ஏறியதையும், 2025 செப்டம்பர் இறுதியில் சலுகை விலைப் பெட்ரோலுக்கு மாதம் 300 லிட்டர் என்று வரம்பு வந்ததையும் நாம் மறந்துவிடவில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. வண்டிக்கு 100 வெள்ளிக்குப் பெட்ரோல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இஞ்சினைச் சுழற்றும் வேலையாக மாறுவது ஏறக்குறைய 30 வெள்ளிதான். இன்னொரு 30 வெள்ளிக்குச் சற்று மேல் புகைக்குழாய் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. மற்றொரு 30 வெள்ளி இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கு, அதாவது கூலன்டுக்குப் போய், ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்கிறது. மீதி உராய்விலும் பிறவற்றிலும் தீர்கிறது. ஆக, ரேடியேட்டரில் நாம் குளிர வைப்பது தண்ணீரை மட்டுமல்ல, நமது காசையும்தான். இஞ்சின் உருகாமல் இருக்க அந்தச் செலவு அவசியம். தேவைக்கு மேல் குளிர வைத்தால் அது வீண் நஷ்டம்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நமது ஊரில் நிழலில் 32 அல்லது 33 டிகிரி உஷ்ணம் இருக்கும். இஞ்சின் விரும்பும் சூடோ 90 டிகிரிக்கு அண்மையில். நமக்குச் சட்டை நனைய வியர்க்கும் நண்பகலும் இஞ்சினுக்குக் குளிர்காலமே. உஷ்ண நாடு என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. அதனுள் ஒரு சிறு செப்புக் கிண்ணத்தில் மெழுகு அடைத்திருக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கையில் கதவு மூடியிருப்பதால், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறுகிறது. பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். 95 டிகிரி வாக்கில் முழுவதும் திறந்துவிடும். தண்ணீர் மீண்டும் குளிர்ந்தால் வில் அதை மூடிவிடும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பெரும்பாலும் நாற்பது ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் இந்தச் சாமானைப் போல உண்மையாக உழைக்கும் சிப்பந்தி என் கடையில் இல்லை.

இதைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? காலையில் வண்டியை எடுத்தவுடனேயே ரேடியேட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும். நெடுஞ்சாலையில் காற்று வேகமாக அடிக்க, தண்ணீர் 60, 70 டிகிரியிலேயே நின்றுவிடக்கூடும். சூடேறாத இஞ்சினில் தீமைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. இஞ்சின் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் பிஸ்டன்களும் தண்டும் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. தெளிக்கப்படும் பெட்ரோல் முழுவதும் ஆவியாகாமல், ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரில் ஈரமாக ஒட்டி, அங்கிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. இதனால் எண்ணெய் கெடுகிறது, சுவர் தேய்கிறது. எரிவதில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்த இஞ்சினுக்குள் தண்ணீராகி எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பால் ஆடை போல வெளுத்த சேறு படிந்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். குறுகிய ஓட்டமே ஓடும் வண்டிகளில் அது சகஜம். ஆனால் நன்றாகச் சூடேறி ஓடும் வண்டியில் அது தென்பட்டால், தண்ணீர் எண்ணெயில் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

இவற்றோடு கணினிப் பெட்டியின் சங்கதியும் உண்டு. இக்காலத்து வண்டியில் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று தீர்மானிப்பது ஒரு சிறிய கணினி. தண்ணீரின் சூட்டை அதற்குச் சொல்வது கூலன்ட் சென்சர் என்ற சிறு கருவி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல ஜப்பானிய வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று இந்தக் கருவி சொன்னால், கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். சும்மா நிற்கும்போதும் இஞ்சினை வேகமாகச் சுழற்றும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் தண்ணீர் உண்மையிலேயே குளிர்ந்திருப்பதால் இந்தத் தாராளம் நெடுநேரம் நீடிக்கிறது. சென்சர் பழுதாகி, சூடான தண்ணீரைக் குளிர்ந்தது என்று பொய் சொன்னாலும் அதே கதிதான். புகை கறுக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும், ஓட்டுகிறவருக்கோ காரணம் விளங்காது. தண்ணீர் உரிய சூட்டுக்கு வரவில்லை என்பதைக் கணினியே கண்டுபிடித்து, பி 0128 என்ற குறியீட்டோடு மஞ்சள் விளக்கை ஏற்றுவதும் உண்டு. அந்த விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துவிட்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நஷ்டம் எவ்வளவு? அமெரிக்க அரசாங்கத்தின் எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. வெளியே 25 டிகிரி இருக்கும்போது கிடைக்கும் தூரத்தைவிட, பூச்சியத்துக்குக் கீழே 7 டிகிரிக் குளிரில் நகர ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் குறைகிறதாம். ஐந்தாறு கிலோமீட்டர்க் குறுகிய ஓட்டமானால் 24 சதவீதம் வரைகூடக் குறையலாமாம். நமக்கு அத்தகைய குளிர் இல்லை; நஷ்டமும் அவ்வளவு இராது. ஆனால் குறுகிய ஓட்டமே அதிகம் தின்கிறது என்பது நமக்கும் பொருந்தும். மாதம் 300 லிட்டர் செலவழிக்கும் வேனில் இருபதில் ஒரு பங்கு வீணானாலும் 15 லிட்டர். ஒரு வருஷத்துக்கு 180 லிட்டர்.

ஆகையால் விநியோக ஓட்டத்தை அமைக்கும்போது, தூரமான கடையை முதலில் வைத்துக்கொண்டு, இஞ்சின் சூடேறிய பின் பக்கத்துக் கடைகளை அடுத்தடுத்து முடிப்பது நல்லது. காலையில் பசார் போரோங்குக்கு ஒரு தடவை, வந்து இஞ்சின் ஆறிய பிறகு பக்கத்துத் தெருவுக்கு ஒரு தடவை, அஸருக்குப் பின் மறுபடி ஒரு தடவை என்று பிரித்துப் பிரித்து ஓடினால், ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த இஞ்சினுக்குத் தீனி போடுகிறோம். சூடேற்றுவதற்காக வாசலில் வண்டியை ஓடவிட்டு நிற்பதும் வேண்டாம். நின்ற இடத்தில் சூடு மெதுவாகவே ஏறும். அரை நிமிஷம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் சரி. சிங்கப்பூரிலோ வண்டியை நிறுத்திவிட்டு இஞ்சினை ஓடவிட்டு வைப்பது சட்டப்படி குற்றம்.

இனி மறுபக்கம். சூடு மிஞ்சினாலும் கேடுதான். தண்ணீர் 105, 110 டிகிரியைத் தாண்டினால், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும் சத்தம் எழாமலிருக்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். உடனே இழுவை குறையும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பாரமேற்றிக்கொண்டு ஏறுகிறவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். அதற்கும் மேலே போனால் அலுமினிய மண்டை வளையும், கேஸ்கெட் வெடிக்கும், செலவு ஆயிரக்கணக்கில் வரும். ஆனால் வண்டி கொதித்தால் காரணம் ரேடியேட்டர் அடைப்பு, விசிறி, பம்ப், கசிவு, அல்லது மூடியே திறக்காத பழுதான தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அதைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நோயை மறைப்பதாகும். சில இஞ்சின்களில் அதுவே கொதிப்புக்கும் காரணமாகும். ஏனெனில் சூடான பிறகு பக்கவழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டர் மூடியையும் அலட்சியம் செய்யாதீர்கள். அதில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது உள்ளே தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. ரப்பர் கெட்ட மூடி இந்த லாபத்தை இழந்துவிடும். இஞ்சின் சூடாக இருக்கையில் அதைத் திறந்தால், அடைபட்ட தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் சிக்கனமல்ல. உள்ளே துருவும் சுண்ணமும் சேரும்.

சூட்டைக் காட்டும் முள்ளை முழுதும் நம்ப முடியாது. பல வண்டிகளில் கூடக்குறைய இருந்தாலும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள்ளே இல்லாத வண்டிகளில் குளிருக்கு நீல விளக்கு, அதிகச் சூட்டுக்குச் சிவப்பு விளக்கு. நீல விளக்கு பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடியும் அணையாவிட்டால் சந்தேகிக்கலாம். ஓபிடி என்ற சிறு கருவியை ஸ்டியரிங் அடியில் செருகினால் டிகிரிக் கணக்காகவே கைத்தொலைபேசியில் தெரியும்.

கழற்றிய தெர்மோஸ்டாட் நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். அதன் மேல் 82 அல்லது 88 என்று அடித்திருக்கும். ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, உஷ்ணமானியும் வைத்து அடுப்பை மூட்டுங்கள். அந்த எண்ணுக்கு அண்மையில் கதவு அசையத் தொடங்க வேண்டும். தண்ணீர் ஆறியதும் மூடிக்கொள்ள வேண்டும். சமையலுக்கு உதவாத பழைய சட்டியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.