மீள் வினை எத்தனை முறை மீளும்?

பத்தாம் வகுப்பு ‘வேதிவினைகளின் வகைகள்’ பாடத்தில் மீள் வினை, மீளா வினை இரண்டையும் வரையறை சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இவ்விரண்டின் வேறுபாடுதான் ஒரு பெரிய தொழில்நுட்பத்தின் செலவைத் தீர்மானிக்கிறது. அதற்கான எடுத்துக்காட்டு நம் குமரி மாவட்டத்துக்கு அருகிலேயே, தூத்துக்குடியில் இருக்கிறது.

தூத்துக்குடியில் நடந்தது

தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கும் அமைப்பு 2016இல் செயல்படத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பிடிப்பது அதன் இலக்கு. தொழில்நுட்பத்தை வழங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐஐடியில் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் இருவரும்.

கரைசல் செய்யும் வேலை

இத்துறையில் நெடுங்காலமாகப் பயன்படுவது மோனோஎத்தனால் அமீன் என்னும் காரத்தின் நீர்க்கரைசல். சுமார் 40 டிகிரி செல்சியஸில் இரண்டு அமீன் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கார்பன் டைஆக்சைடைப் பற்றிக்கொள்கின்றன, கார்பமேட் உருவாகிறது. சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு வெளியேறி, அமீன் மீள்கிறது. அதே கரைசல் மறுபடியும் புகையைச் சந்திக்கச் செல்கிறது. இது மீள் வினை.

சிக்கல், கூடவே நடக்கும் மீளா வினைகளில் இருக்கிறது.

1. வெப்பம் கூடினால் கார்பமேட்டே வேறு சேர்மங்களாக மாறிவிடுகிறது.
2. புகையிலுள்ள ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கிறது. அம்மோனியாவும் ஃபார்மிக் அமிலம் போன்றவையும் உண்டாகின்றன. குழாயிலிருந்து கரையும் இரும்பு இதை விரைவுபடுத்துகிறது. உண்டான அமிலம் குழாயை மேலும் அரிக்கிறது. இரும்பு இன்னும் கரைகிறது.
3. நிலக்கரிப் புகையின் சல்ஃபர் டைஆக்சைடும் இந்த அமிலங்களும் அமீனுடன் உப்புகளாகின்றன. சூடாக்கினாலும் இவை பிரிவதில்லை.

இழந்த அமீனுக்குப் புதிது ஊற்ற வேண்டும். சிதைந்த கழிவைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். இரண்டும் செலவு. ஆகவேதான் புதிய கரைசல்களைத் தேடுகிறார்கள். தூத்துக்குடியில் பயன்பட்டது அமீன் சேர்த்த உப்புக் கரைசல்; அரிப்பும் ஆற்றல் செலவும் குறைவு என்பது அந்நிறுவனத்தின் கூற்று.

வகுப்பறைச் செயல்பாடு

தேவை: சலவைச் சோடா, காய்ச்சி வடித்த நீர், பினாப்தலீன், உறிஞ்சுகுழல், எலுமிச்சைச் சாறு.

1. 100 மில்லி நீரில் ஓரிரு கடுகளவு சலவைச் சோடாவைக் கரைத்து, சில துளி பினாப்தலீன் சேர்க்கவும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்.
2. ஒரு மாணவர் குழல் வழியே தொடர்ந்து ஊதட்டும், உறிஞ்சக் கூடாது. நிறம் மறையும். கார்பனேட், பைகார்பனேட் ஆகிவிட்டது.
3. ஆசிரியர் கரைசலைச் சில நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடவும். வாயு வெளியேறி நிறம் திரும்பும்.
4. நிறம் மறையும்வரை எலுமிச்சைச் சாறு விட்டு, மேலும் சில துளிகள் சேர்த்து மறுபடி கொதிக்க வைக்கவும். இம்முறை நிறம் திரும்பாது.

மூன்றாம் படி தொழிற்சாலையின் மீள் வினை. நான்காம் படி, சூட்டுக்கும் பிரியாத உப்பு. இங்குள்ளது அமீன் அல்ல, கார்பனேட் என்பதையும், பிடித்து விடுவிக்கும் முறை மட்டுமே ஒன்று என்பதையும் மாணவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சிந்திக்க

1. படி 2, படி 4 இரண்டிலும் நிறம் மறைந்தது. கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியுமா? எந்தச் சோதனை வேறுபாட்டைக் காட்டியது?
2. புகையை அமீனிடம் அனுப்பும் முன் சல்ஃபர் டைஆக்சைடை ஏன் நீக்க வேண்டும்?
3. ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அமீன் வீணானால், 100 சுற்றுகளுக்குப் பின் ஏறத்தாழ எவ்வளவு மிஞ்சும்?

மூன்றாம் கேள்விக்கு விடை சுமார் 90 விழுக்காடு. ஆயிரம் சுற்றுகளுக்குக் கணக்கிடச் சொல்லுங்கள்: சுமார் 37 விழுக்காடுதான் மிஞ்சும். ‘மீள் வினை’ என்று பாடநூலில் எழுதியிருப்பதற்கும் தொழிற்சாலையில் அது நீடிப்பதற்கும் உள்ள தூரத்தை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.