மட்டையடியும் சேர்த்தியும்

திருவரங்கத்தில் பங்குனி ஆதி பிரம்மோத்ஸவத்தின் ஆறாம் திருநாளன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருள்கிறார். அன்று பங்குனி ஆயில்யம். சோழ மன்னனின் திருமகளாக அவ்வூரில் அவதரித்த கமலவல்லி நாச்சியாரின் திருநக்ஷத்ரம். அங்கே இருவருக்கும் சேர்த்தி நடைபெறுகிறது. அதன்பின் பெருமாள் அரங்கம் திரும்புகிறார். பெரிய பிராட்டியாராகிய ஸ்ரீரங்கநாச்சியார் இதனை அறியாதிருப்பாரோ? ஒன்பதாம் திருநாளாகிய பங்குனி உத்திரத்தன்று, தமது திருநக்ஷத்ரத்தில் தம்மை நாடிவரும் பெருமாளின் முகத்தெதிரே சந்நிதிக் கதவைச் சாத்திவிடுகிறார். பெருமாள் முன்னேறுவதும், கதவு அடைபடுவதும், பூக்களும் வாழைமட்டைகளும் வந்து விழுவதும், பெருமாள் பின்வாங்குவதும் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. இதற்கே மட்டையடி என்று பெயர். ப்ரணய கலஹம் என்று பெரியோர் கூறுவர். யாத்ரீகர் பலர் இதனைக் கண்டு நகைத்து, மட்டை விழும் வேளையில் சற்று ஒதுங்கி நின்று, பின் வீடு திரும்பிவிடுகின்றனர். இதில் அடங்கியுள்ள பொருள் நகைப்போடு நின்றுவிடுவதன்று.

கலஹத்தின்போது இரு தரப்பு வார்த்தைகளையும் கைங்கர்யபரர்கள் வாசிக்கின்றனர். திருமேனியில் காணும் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காரணம் கேட்கப்படுகிறது. திருக்கண்கள் சிவந்திருப்பானேன்? திருக்குழல் கலைந்திருப்பானேன்? உலகைக் காக்கக் கண்விழித்ததால் சிவப்பு, குதிரை ஏறி விரைந்ததால் கலைவு என்று பெருமாள் தரப்பில் விடை வருகிறது. கணையாழி காணாமற்போயிற்று, அதைத் தேடிச் சென்றதால் தாமதமாயிற்று என்றும் ஒரு சமாதானம் உண்டு. பிராட்டி ஏற்பதில்லை. கடலில் மூழ்கிச் சத்தியம் செய்கிறோம், பாம்புக் குடத்தில் கையிடுகிறோம் என்று பெருமாள் முன்வந்தால், கடலிலே கண்வளர்பவருக்குக் கடலால் என்ன அச்சம், அரவணையிலே துயில்பவரைப் பாம்பு தீண்டுமோ என்று அந்தச் சத்தியங்களும் தள்ளப்படுகின்றன. நெடுநாள் கூடி வாழ்ந்தவரிடம் பொய் எடுபடுவதில்லை. ஒருவரது படுக்கை எது, பழக்கம் எது என்று மற்றவர் முழுதும் அறிவர் அன்றோ!

இங்கே ஊன்றி நோக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. பிராட்டியாருக்கு நம் பூர்வாசாரியர்கள் அளித்துள்ள ஸ்தானம் புருஷகாரம். குற்றம் செய்த சேதநனுக்காக எம்பெருமானிடம் பரிந்துரைப்பதே அவருடைய பணி. பெருமாள் நம் பிழைகளைக் கண்டு சீறும்போது, குற்றமில்லாதார் உலகில் எவர் என்று இதமாகச் சொல்லி அவற்றை மறக்கச் செய்பவர் அவரே என்பர். உலகோர் அனைவரின் குற்றத்தையும் மறைக்கும் அப்பிராட்டி, பங்குனி உத்திரத்தன்று மட்டும் தம் நாயகனின் குற்றங்களை எண்ணி எண்ணிச் சொல்கிறார். மற்றொரு புறம், அவருடைய பரிந்துரையை எதிர்நோக்கும் அடியார் குழுவின் தலைவரான நம்மாழ்வார், அன்று பெருமாளுக்காக அவரிடம் பரிந்து பேசிச் சமாதானம் செய்து வைக்கிறார். முறை தலைகீழாகிறது. பிறர் குற்றத்தை மறைப்பது கருணை. தன்னவர் குற்றத்தை முகத்துக்கு நேரே சொல்வது உரிமை. அந்நியரிடம் எவரும் ஊடுவதில்லை.

தமிழ் அகப்பொருள் மரபு இதனை முன்பே நன்கறிந்திருந்தது. ஊடலை மருதத்திணைக்கு உரிப்பொருளாக்கி, ஊடல் தீர்க்கத் தூது செல்வோருக்கு வாயில்கள் என்று பெயரிட்டது. திருவள்ளுவரும் தம் நூலின் 133ஆம் அதிகாரத்தை ஊடலுவகை என்றே அமைத்து, அத்துடன் நூலை முடித்தார். சந்நிதி வாயில் அடைபட்டிருக்க, ஆழ்வாரே மற்றொரு வாயிலாக நிற்கும் பங்குனி உத்திரக் காட்சியில் அந்தப் பழைய மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது.

குற்றத்தோடு கூடிய ஒருவரிடம் அன்பு நிலைப்பது எங்ஙனம் என்ற வினாவை வாத்ஸல்யம் என்ற குணத்தை விளக்கும்போது ஆசாரியர்கள் எடுத்து ஆராய்ந்துள்ளனர். ஈன்றணிமையில் பசு தன் கன்றின் உடலில் உள்ள வழுவழுப்பையும் அழுக்கையும் நாவால் நக்கிச் சுவைக்கிறது. அதுபோல அன்புடையவருக்குக் குற்றமே போக்யமாகிறது என்பது பிள்ளை லோகாசாரியர் வழியினர் கொள்கை. குற்றத்தைக் காணாதிருப்பதே வாத்ஸல்யம் என்பது வேதாந்த தேசிகர் வழியினர் கொள்கை. எது சரி என்ற வாதத்தை வித்வான்களுக்கே விட்டுவிடலாம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் இல்லறம் நடத்திய முதியோரை நோக்கினால் இரண்டும் ஒரே வீட்டில் காணக் கிடைக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடும் கணவரின் மறதி மனைவிக்குக் கண்ணில் படுவதே இல்லை. கை தானாக நீண்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மனைவி நூறாவது முறையாகச் சொல்லும் அதே பழங்கதையைக் கணவர் விரும்பியே கேட்கிறார். ஓரிடத்தை அவர் மறந்து விட்டுவிட்டால் தாமே எடுத்துக் கொடுக்கிறார்.

உறையூருக்கும் அரங்கத்துக்கும் நடுவே வாழ்ந்த வேறொரு தம்பதியின் வரலாற்றையும் இத்திருநாளில் நினைத்தல் தகும். உறங்காவில்லி என்ற மல்லர் தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயில் படாதவாறு குடைபிடித்து, அவள் முகத்தையே நோக்கியவாறு வீதியில் நடந்தார். ஊர் நகைத்தது. எம்பெருமானார் நகைக்கவில்லை. இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் ஆட்படுவீரோ என்று கேட்டு, பெரிய பெருமாளின் திருக்கண்களைச் சேவிக்கச் செய்தார். வில்லியார் தாஸரானார். ஆனால் பொன்னாச்சியைத் துறந்து வா என்று எம்பெருமானார் சொல்லவில்லை, தாஸரும் துறக்கவில்லை. கண்ணழகு என்ற காரணம் போன பிறகும் இல்லறம் நின்றது. இருவரும் மடத்தருகே குடியேறி, ஒரே கைங்கர்யத்தில் கூடி வாழ்ந்தனர்.

பின்னொரு நாள், எம்பெருமானாரின் ஆணைப்படி சீடர் சிலர் இரவில் அவ்வீட்டிற்குச் சென்று, உறங்குவதுபோல் கிடந்த பொன்னாச்சியின் ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றினர். அவர்கள் மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் புரண்டு கொடுத்தாள். விழித்துவிட்டாள் என்று அஞ்சி அவர்கள் ஓடினர். வீடு வந்த தாஸர் செய்தியைக் கேட்டு, நகை போனதற்காக வருந்தவில்லை. என்னுடையது, நான் கொடுக்கிறேன் என்ற எண்ணம் உனக்கு இருந்ததனால் அன்றோ புரண்டாய், அசையாது கிடந்திருந்தால் அவர்கள் முழுவதும் பெற்றிருப்பரே என்று கடிந்தார். அவ்வளவு நல்லவளிடம் அவ்வளவு நுண்ணிய குற்றம் காண்பது கடுமையன்றோ என்று இன்று கேட்போருக்குத் தோன்றும், தோன்றுவதில் தவறுமில்லை. ஆனால் ஒருகாலத்தில் முகத்தின் அழகை மட்டுமே கண்ட அதே கணவர் இப்போது உள்ளத்தின் அசைவைக் காண்கிறார். அவளும் அதற்காக ஊடவில்லை. பின்னாளில் தாஸர் பரமபதித்தபோது பொன்னாச்சி கண்ணீர் விடாது வந்தோரை உபசரித்தாள் என்றும், திருமேனியைத் தாங்கிய பல்லக்கு கண்ணுக்கு மறைந்த கணத்தில் கதறி உயிர் நீத்தாள் என்றும் குருபரம்பரை வழக்கு கூறும்.

கூரத்தாழ்வான் இல்லத்திலும் இதுபோன்ற கடிதல்கள் இருந்தன. பெருஞ்செல்வத்தைத் துறந்து அரங்கம் நோக்கி நடந்தபோது, காட்டுவழியில் ஆண்டாள் அம்மை, பயமுண்டோ என்று கேட்டார். மடியில் கனமிருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். கணவர் அமுது செய்வதற்காக மறைத்து எடுத்து வந்த பொன்வட்டிலை அம்மை காட்ட, அதை வாங்கி எறிந்துவிட்டார். அரங்கத்தில் ஒரு மழைநாளில் உஞ்சவிருத்தி கிடைக்காமல் இருவரும் பட்டினி. அரவணை நிவேதன ஒலி கேட்ட அம்மை, அடியான் பட்டினி கிடக்க நீர் அமுது செய்கிறீரோ என்று மனத்தால் நினைத்தார். அரங்கனின் ஆணையால் உத்தம நம்பி பிரசாதத்தோடு வந்தார். நடந்ததை உணர்ந்த ஆழ்வான், எம்பெருமானிடம் இப்படிக் கேட்கலாகுமோ என்றார். ஆயினும் இரு திரளை ஏற்று அம்மைக்கு அளித்தார். அதன் பயனாகப் பிறந்த இரு பிள்ளைகளில் மூத்தவர் பராசர பட்டர். பிராட்டியாரின் பெருமையைப் பாடும் ஸ்ரீகுணரத்நகோசத்தை அருளியவர் அவரே. கணவர் குற்றமாகக் கண்ட ஒரு தாயின் நினைவிலிருந்து இவ்வளவு பெரிய நன்மை விளைந்தது!

எல்லாக் குற்றமும் பொறுக்கத்தக்கதோ என்றால், அன்று. 1017ஆம் ஆண்டு திருவவதாரம் செய்த உடையவரின் இல்லறம் நிலைக்கவில்லை என்பது யாவரும் அறிந்ததே. திருக்கச்சி நம்பிகள் உண்ட இடத்தைத் தீட்டாகக் கருதிக் கழுவியதும், பசித்து வந்தவருக்கு உணவில்லை என்றதும், கிணற்றடியில் பெரிய நம்பியின் தேவிகளைக் குலம் சொல்லிப் பழித்ததும் ஆகிய மூன்றையும் நூல்கள் காரணமாகக் கூறும். தஞ்சமாம்பாள் வளர்ந்த ஆசாரம் அத்தகையது. அவரை மட்டும் குறைகூறுதல் எளிது. ஆயினும் அம்மூன்றும் கணவருக்கு இழைத்த பிழைகள் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. தமக்குச் செய்த பிழையைப் பொறுக்கும் எம்பெருமானும் பாகவத அபசாரத்தைப் பொறான் என்பது நம் ஸம்ப்ரதாயம். தனக்கு இழைத்த குற்றத்தை மன்னிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு. பிறரை இழிவு செய்ததைப் பிறர் சார்பில் மன்னிக்கும் உரிமை இல்லை.

உத்திரத்தன்று கலஹம் தீர்ந்து கதவு திறக்கிறது. பிராட்டியார் படிதாண்டாப் பத்தினி. ஆதலால் பெருமாளே உள்ளே எழுந்தருள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையே வாய்க்கும் சேர்த்தி சேவை அப்போது நிகழ்கிறது. உடையவர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தது இந்தச் சேர்த்தியின் முன்னிலையில்தான். சரணாகதி கத்யத்தில் முதலில் பிராட்டியையும் பின்னர் பெருமாளையும் அவர் சரணடைந்தார். ஆண்டில் எத்தனையோ திருநாள்கள் இருக்க, ஊடல் தீர்ந்து இருவரும் ஒருசேர அமர்ந்திருக்கும் இவ்வேளையை அவர் தேர்ந்தெடுத்தார். வரிசையில் நிற்கும் முதிய தம்பதியர், ஒருவரையொருவர் கடிந்துகொண்டும் கையைப் பற்றிக்கொண்டும், இந்தச் சேவைக்காகவே நெடுநேரம் காத்திருப்பதை இன்றும் காணலாம்.

மறுநாள் நம்பெருமாள் கோரதத்தில் எழுந்தருள்கிறார். பிராட்டியார் தம் சந்நிதியிலேயே இருக்கிறார். அடுத்த பங்குனி ஆயில்யத்தில் உறையூருக்கு மீண்டும் புறப்பாடு உண்டு. மூன்றாம் நாள் கதவும் மீண்டும் சாத்தப்படும்.