ஒரு தாளுக்காகக் கொலையா?

அன்புள்ள தம்பிக்கு,

பாவ்லோ பாச்சிகலூப்பியின் 'தி வாட்டர் நைஃப்' (2015) நாவலைப் படித்துவிட்டு நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "வறட்சியில் ஊரே காலியாகிறது, மாநில எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் பழைய தண்ணீர்ப் பத்திரம் ஒன்றுக்காக வக்கீலைக் கொல்வார்களா ஐயா? அதை யார் மதிப்பார்கள்?" பேரழிவு வந்தால் முதலில் சாவது சட்டம்தான் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

தொடக்கத்தைத் திரும்பப் படி. லாஸ் வேகாஸின் அடியாளான ஏஞ்சல் ஹெலிகாப்டரில் போய் கார்வர் சிட்டியின் குடிநீர் நிலையத்தைத் தகர்க்கிறான். வெறுங்கையோடு போகவில்லை, சட்டத் தாள்களோடு போகிறான். எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்கு ஓடுவதற்குள் முடித்துவிட வேண்டுமே! கொள்ளைக்காரனுக்கு எதற்கு இந்த அவசரம்? நல்ல வறட்சி நாவலில் சட்டம் சாகாது, எழுத்துப் பிசகாமல் உயிரோடு இருக்கும் என்பது என் கட்சி. பயங்கரமே அதுதான்.

கொலராடோ ஆற்றில் தண்ணீர் உரிமை ரேஷன் கடை வரிசை மாதிரி. முந்தி வந்தவன் முழுப்பங்கு வாங்கிய பிறகே அடுத்தவனுக்கு. ஆறு வற்றினால் கடைசி ஆளுக்குச் சொட்டும் கிடையாது. 1922 ஒப்பந்தம் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 327 டி.எம்.சி., எழுதிவைத்தது. மழை மிகுந்த சில ஆண்டுகளை நம்பிப் போட்ட கணக்கு. ஆற்றில் அவ்வளவு நீர் இல்லை. பழங்குடிகளை யாரும் பேச்சுக்கு அழைக்கவும் இல்லை. ஆனால் 1908-லேயே விண்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அவர்களுக்கு நிலம் ஒதுக்கியபோதே அதற்கான தண்ணீரும் ஒதுக்கியாயிற்று, எடுக்காமல் விட்டாலும் அந்த உரிமை போகாது. நாவலின் வக்கீல் தோண்டியெடுத்தது பீமா பழங்குடியின் அப்படியொரு மூத்த உரிமையைத்தான். அரிசோனாவின் பீனிக்ஸோ வரிசையின் வாலில் நிற்கும் ஊர். மத்திய அரிசோனாக் கால்வாய்க்கு 1968-இல் அனுமதி வாங்குவதற்காக, கலிஃபோர்னியாவுக்குப் பின்னால் நிற்க அரிசோனா தானாகவே ஒப்புக்கொண்டது. அந்த வாலைத் தலையாக்கும் தாளுக்காகக் கொல்ல மாட்டார்களா? நகைக்கும் காதலுக்கும் கொன்றால் மட்டும் நம்புவாயோ?

எல்லையில் நிற்கும் படையும் முழுக் கற்பனையல்ல. 1934-இல் பார்க்கர் அணையைத் தடுக்க அரிசோனா ஆளுநர் மூர் ஆற்றங்கரைக்குக் காவல்படையையே அனுப்பினார். படகேறிப் போன அவர்களுக்கு 'அரிசோனா கடற்படை' என்று கேலிப் பெயர்.

இன்னொன்று. அந்தத் தாள் எங்கே ஒளிந்திருந்தது, கவனித்தாயா? மார்க் ரைஸ்னரின் 'கேடிலாக் டெசர்ட்' (1986) பிரதிக்குள். தண்ணீர்ப் பெரும்புள்ளிகள் அலமாரியில் அழகுக்கு வைக்கும் புத்தகம் அது. அணைகளையும் அதிகாரிகளையும் பற்றிய அந்தக் கனத்த நூலை எந்தத் துப்பறியும் கதையையும்விட வேகமாகப் படித்தேன். 1976-இல் டீட்டன் அணை உடைந்த கதையையாவது படி. அதைப் படித்திருந்தால் எனக்கு அந்தக் கேள்வியை அனுப்பியிருக்க மாட்டாய்.

மரியாவை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். தாள் பீனிக்ஸுக்கா, லாஸ் வேகாஸுக்கா என்பதைக் கடைசியில் துப்பாக்கியால் தீர்ப்பவள் அவள்தான். டெக்சாஸிலிருந்து ஓடிவந்தவள், வரிசையிலேயே இடமில்லாதவள். அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எழுது. வறட்சி வர்ணனை வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியன்